லாபம், ரெண்டு, மூணு

1972 பிப்ரவரி 9, புதன்கிழமை காலை கொளஞ்சிக்குக் கொடுத்த மயக்கம், 1983 ஜூலை 14, வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்குத்தான் தெளிந்தது. இடையில் அவள் ஒன்றும் படுத்துக் கிடக்கவில்லை. சமைத்தாள், துவைத்தாள், ரேஷன் கடை வரிசையில் மண்ணெண்ணெய் டின்னோடு நின்றாள், ஒரு பெண் பிள்ளை பெற்றாள், தன்னை அறுத்த அதே ஆஸ்பத்திரியில் எட்டு வருடம் வேலையும் பார்த்தாள். மயக்கத்தில் இருக்கிற ஒருத்தி இத்தனையும் செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள். அவள் குடியிருந்த உப்பளத்தில் யாரும் கேட்டதில்லை. அந்த வருடங்களில் புதுச்சேரியில் நெசவு மில்கள் பாதி நாள் ஓடின, பாதி நாள் பூட்டிக் கிடந்தன. பூட்டிக் கிடந்தாலும் அதற்கு மில் என்றுதான் பெயர். அதுமாதிரி இவளும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கொளஞ்சி உழவர்கரைப் பக்கத்துக் கிராமத்துக்காரி. அவளுடைய அப்பா களத்தில் நெல் அளக்கிறவர். நெல் அளப்பவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணிக்கை ஏறும். ஒன்று என்று தொடங்கினால் ஒன்றோடு நின்றுபோகும் என்று ஒரு பயம். களத்தை விட்டு இறங்கிவிட்டால் அவர்களும் எல்லாரையும் போல ஒன்று, இரண்டு என்றுதான் எண்ணுவார்கள். கொளஞ்சிக்கு அப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போகாதவள். ஐந்து வயதிலிருந்து அப்பாவின் பக்கத்தில் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்று எண்ணிப் பழகியவள். ஆட்டை எண்ணினாலும் லாபம், பூவை எண்ணினாலும் லாபம். மில்லில் தறி ஓட்டும் கண்ணையனைக் கட்டிக்கொண்டு உப்பளத்துக்கு வந்த புதிதில், "நமக்கு எத்தினி புள்ளைங்க வேணும்?" என்று அவன் கேட்டதற்கும் விரலை மடக்கி, "லாபம், ரெண்டு, மூணு" என்றாள். அவன் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். மில்லில் எல்லாரிடமும் சொன்னான்.

முதல் பிள்ளை இரண்டு நாள் வலிக்குப் பிறகும் வெளியே வராததால், வாய்க்காலுக்குக் கிழக்கே கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வயிற்றை அறுத்து எடுப்பது என்று முடிவானது. மயக்கம் கொடுத்தவர் டாக்டர் கிருஷ்ணசாமி. சைகோனில் படித்தவர், பிரெஞ்சுப் பிரஜை, அதனால் ஊரில் எல்லாருக்கும் அவர் ஐயா இல்லை, முசியே. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஈதர் முகமூடியை வைத்ததும் நோயாளியை எண்ணச் சொல்வார். எந்த எண்ணில் குரல் நிற்கிறதோ அதைக் காதில் வாங்கி வைத்துக்கொள்வார். அறுவை முடிந்ததும் அந்த எண்ணிலிருந்து தாமே பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருவார். ஒன்று என்றதும் நோயாளி கண்ணைத் திறப்பார். மற்ற டாக்டர்களுக்கு இது சிரிப்பு. ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் அவர் கையில் கண் திறக்காதவர் ஒருவரும் இல்லை என்பதால் அவர் இல்லாத இடத்தில்தான் சிரித்தார்கள்.

கொளஞ்சி பன்னிரண்டில் நின்றாள். முதல் சொல் முகமூடிக்குள்ளேயே போய்விட்டது. முசியேவின் காதில் விழுந்தது ரெண்டிலிருந்துதான். பிள்ளையை எடுத்து, தையல் போட்டு முடித்ததும் பன்னிரண்டு, பதினொன்று, பத்து என்று அவர் இறங்கி வந்தார். ரெண்டு என்றபோது அவள் இமை அசைந்தது. ஒண்ணு என்றார். கண் திறந்தது. மூச்சு சரியாக இருந்தது, நாடி சரியாக இருந்தது. அவர் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். அவள் லாபத்தின் வழியாக உள்ளே போனவள். அவர் ஒன்று என்ற வாசலில் நின்றுகொண்டு கூப்பிட்டார். கண்ணும் காதும் மூச்சும் வந்துவிட்டன; அவள் வரவில்லை.

பிறந்தது பையன். சாயங்காலம் நாலு மணி வரை இருந்தான். மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தான், பிறகு நிறுத்திவிட்டான். கண்ணையன் ஒரு வேட்டித் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு தனியாக நடந்துபோய் உப்பாற்று ஓரத்தில் புதைத்துவிட்டு வந்தான். பச்சைப் பிள்ளைக்குக் காரியம் கிடையாது, எழவு கேட்கவும் யாரும் வரமாட்டார்கள், அது முறை. கொளஞ்சியிடம் சேதியைச் சொன்னவனும் அவனே. அவள் கேட்டுக்கொண்டாள். "சரி" என்றாள். பிறகு, "கஞ்சி இருக்குதா?" என்றாள். வார்டில் இருந்த பெண்கள் இவள் என்ன கல்லா மரமா என்று பேசிக்கொண்டார்கள். மரம் என்றவர்கள் சரியாகச் சொன்னார்கள், மரத்துத்தான் போயிருந்தாள். தையல் பிரித்தபோது வலிக்கவில்லை. பால் கட்டிக்கொண்டபோது வலிக்கவில்லை. தனக்கு அழுகை வரவில்லை என்று அவளுக்கே தெரிந்தது, அதற்காக வருத்தப்படவும் வரவில்லை. நாலு வீடு தள்ளி யாரோ வைத்த ரேடியோ மாதிரி, தன் பிள்ளை செத்த சேதி எங்கோ கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு கொதிக்கும் சோற்றுப் பானையைத் துணியில்லாமல் இறக்கினாள். தோல் உரிந்ததைப் பார்த்த பிறகு மஞ்சள் தடவினாள். 1973இல் ஆணி ஏறிய காலோடு மூன்று நாள் நடந்தாள். தரையில் இரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னவள் பக்கத்து வீட்டு அமிர்தவல்லி. தெருவில் ஒருவர் தும்மினால் தெருக்கோடி வரை சொல்லிவிட்டு வருகிறவள். இன்னொரு விஷயத்தையும் அவள்தான் வெளியே கொண்டுவந்தாள்: கொளஞ்சியின் கையைப் பிடித்தால் பிடித்தவருக்கும் மரத்தது. முதலில் பிடித்த கை, பிறகு தோள், கொஞ்ச நேரமானால் உடம்பு முழுக்க. விட்டுவிட்டால் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும். கண்ணையனுக்கு இது முன்பே தெரியும், வெளியே சொல்லவில்லை. அவளை ஒட்டிப் படுத்து எழுந்த நாட்களில் மில்லில் அறுந்த இழை அவன் விரலுக்கு அகப்படாது. இழை தெரியாத கையை வைத்துக்கொண்டு நெசவுக்காரன் என்ன செய்வான். மேஸ்திரியிடம் இரண்டு முறை திட்டு வாங்கிய பிறகு பாயை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டான். அந்த ஒரு முழத்தை அவன் தாண்டியது மில் பூட்டிக் கிடந்த நாட்களில் மட்டும். மில் அடிக்கடி பூட்டிக் கிடந்ததால் 1976இல் ஒரு பெண் பிறந்தாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த கொளஞ்சி, புடவை நனைந்ததைப் பார்த்துத்தான் நேரம் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டாள். முறத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படுத்தாள். முதல் பிள்ளை தங்காததால், எமன் சீ என்று விட்டுவிட்டுப் போகட்டும் என்று வழக்கப்படி மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் பாப்பா.

உப்பளத்தில் பல் பிடுங்கப் போகிறவர்கள் கொளஞ்சியைக் கூட்டிக்கொண்டு போகும் வழக்கம் 1974 வாக்கில் தொடங்கியது. கட்டி கீற, முள் எடுக்க, காது குத்த என்று அது வளர்ந்தது. சேதி முசியேவின் காதுக்குப் போய், அடுத்த வருடம் அவளை வரவழைத்தார். ஊசியால் குத்திப் பார்த்தார். சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டிப் பார்த்தார். பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை எத்தனையோ முறை எண்ணிக் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் மரியாதையாக உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அறுவை அறையில் ஆயா வேலை போட்டுக் கொடுத்தார். ஈதர் வந்து சேராத வாரங்களிலும், நெஞ்சு பலவீனமாகி மயக்கம் தாங்காத ஆட்களுக்கும் அவள் கை உதவியது. தலைமாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வாள். வலி இருக்காது. ஆனால் ஆள் விழித்திருப்பார், தன் வயிற்றைத் தானே எட்டிப் பார்ப்பார், அது என்ன இது என்ன என்று கேள்வி கேட்பார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு சொல்தா, தம் குடலைத் தாமே பார்த்ததிலிருந்து ஆட்டுக்குடல் குழம்பைக் கைவிட்டார். முசியே இதையெல்லாம் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்வார்.

"இது கால்வாசி வேலைதாம்மா," என்றார் ஒருநாள். "வலி தெரியக் கூடாது. நெனப்பு இருக்கக் கூடாது. ஒடம்பு அசையக் கூடாது. இந்த மூணும் நடக்கும்போது உசுரு அது எடத்த வுட்டு நவுரக் கூடாது. அதுக்குத்தான் மூச்ச எண்ணிக்கிட்டுப் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். தூங்க வெக்கிறது ஒண்ணும் பெரிசில்ல. நான் படிச்சதெல்லாம் திரும்பக் கூட்டியாரத்துக்கு."

"என்னைய மட்டும் வுட்டுட்டு வந்துட்டீங்க," என்றாள் கொளஞ்சி. அவள் குறையாகச் சொல்லவில்லை. மணி கேட்டால் மணி சொல்வது போலச் சொன்னாள். முசியே அன்று மதியம் சாப்பிடவில்லை.

சிக்கல் பாப்பாவைத் தூக்குவதில்தான் இருந்தது. அம்மா இடுப்பில் இருக்கும்வரை குழந்தைக்குப் பசி தெரியாது, ஈரம் தெரியாது, அதனால் அழாது. மில் சங்கை வைத்துத்தான் கொளஞ்சி பால் கொடுக்கிற நேரத்தைத் தெரிந்துகொண்டாள். நடக்கத் தெரிந்ததும் பாப்பா தானே விலகிப் போனாள். "நீ தொட்டா நான் இல்லாத மாதிரி இருக்குதும்மா," என்று நாலு வயதில் சொன்னாள். 1982 தீபாவளியன்று, தெருவில் பட்டாசு வெடிப்பதைப் பார்க்க மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் கொளஞ்சி. கூட்டம் அதிகம், பிடிக்காமல் இருக்க முடியவில்லை. யாரோ எத்திவிட்ட சங்குசக்கரம் வந்து பாப்பாவின் பாதத்தில் நின்று சுற்றியது. இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பாவாடையில் தீப்பிடித்த பிறகு கண்ணையன் ஓடிவந்து அணைத்தான். பாப்பா இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் வீடு திரும்பிய அன்று கண்ணையனின் தங்கை சுலோசனா மூலக்குளத்திலிருந்து வந்தாள்.

"கோவிச்சுக்காத அண்ணி," என்றாள். "ஒன்கிட்ட இருந்தா இது பொழைக்காது. நான் கூட்டிக்கினு போறேன்."

கொளஞ்சி கோபித்துக்கொள்ளவில்லை; கோபம் இருந்தால்தானே. பாப்பாவின் துணிகளை மடித்துக் கொடுத்து அனுப்பினாள். பிறகு ஞாயிறுதோறும் மூலக்குளம் போனாள். சுலோசனா வீட்டு வாசலில் நின்று, இரண்டு முழம் தள்ளி மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். போகாமல் இருக்கவும் முடியவில்லை, போனதால் ஒன்றும் ஆகவுமில்லை. அந்தப் பதினோரு வருடத்தில் அவள் விரும்பிய ஒரே காரியம் இது: மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏன் விரும்புகிறாள் என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

1983 ஜூன் கடைசியில், துணி எண்ணும் நர்ஸ் காய்ச்சல் என்று வரவில்லை. அறுவையின்போது இரத்தம் ஒற்ற வயிற்றுக்குள் வைக்கும் துணிகளை, வைக்கும்போதும் எடுக்கும்போதும் வாய்விட்டு எண்ண வேண்டும். குறைந்தால் ஒரு துணி உள்ளே தங்கிவிட்டது என்று அர்த்தம். அன்று கொளஞ்சியை எண்ணச் சொன்னார்கள். "லாபம், ரெண்டு, மூணு" என்று தட்டில் எடுத்து வைத்தாள். அறுக்கிற டாக்டர் நிமிர்ந்து, "என்னம்மா, நெல்லா அளக்குற?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முசியேவின் முகம் வெளுத்துப்போயிற்று. ஆனாலும் நோயாளியின் நாடியிலிருந்து கையை எடுக்கவில்லை. வேலை முடிந்து, அந்த ஆளை ஒழுங்காக ஒன்று வரை எண்ணி எழுப்பிவிட்ட பிறகுதான் கொளஞ்சியை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"அன்னிக்கும் நீ இப்பிடித்தான் எண்ணினியா?"

"வேற எப்பிடி எண்ணுவாங்க?"

தாம் ஒன்று என்று கூப்பிட்டதுதான் தப்பு என்றார் முசியே. இப்போது கூப்பிட்டால் அவள் வந்துவிடுவாள் என்றார். ஆனால் தனியாக வரமாட்டாள். இத்தனை வருடமாக அவளைத் தேடி வந்து, ஆள் இல்லை என்று காத்துக்கிடக்கிற வலி எல்லாம் சேர்ந்து வரும். உயிர் தாங்குமா என்று தமக்குத் தெரியாது. தாங்கவைக்கப் பார்ப்பது தம் வேலை, அதற்குமேல் சத்தியம் செய்ய முடியாது என்றார்.

"பாப்பாவத் தூக்கலாமா?" என்றாள் கொளஞ்சி.

"தூக்கலாம்."

"அப்போ கூப்புடுங்க."

ஜூலை 14 பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டதால் ஆஸ்பத்திரியில் அன்று அறுவை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. முசியே கோட்டும் டையுமாக, ஆக்சிஜன் சிலிண்டரை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு உப்பளம் வந்தார். தெளிகிறவள் கண் திறந்ததும் வீட்டு மனிதர்களின் முகத்தில் விழிக்க வேண்டும் என்றார். கண்ணையன் மில்லுக்கு லீவு போட்டிருந்தான். கொளஞ்சியைப் பாயில் படுக்க வைத்தார்கள். அவளுடைய நாடியை விரலால் பிடித்தால் விரல் மரத்துவிடும் என்பதால், முசியே ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு நெஞ்சில் வைத்தார். பன்னிரண்டிலிருந்து இறங்கினார். நாலு, மூணு, ரெண்டு என்று வந்து நிறுத்தி, ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, "லாபம்" என்றார்.

உடம்பு வலிகள் முண்டியடித்துக்கொண்டு முதலில் வந்தன. அடிவயிற்றில் கத்தி இறங்கியது. தையல் ஊசி, ஆணி, சோற்றுப் பானை, பாப்பா பிறந்த வலி, ஒன்றுக்கும் வரிசை தெரியவில்லை. கொளஞ்சி வில்லாக வளைந்தாள். கண்ணையன் அவள் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டான், அவன் கை மரக்கவில்லை, அதைக் கவனிக்க அவனுக்கு நேரமில்லை. முசியே ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிவிட்டு நாடியை விரலால் பிடித்தார். "ஊசி போடட்டுமா?" என்று கேட்டார். "போடுங்க முசியே, போடுங்க," என்று அலறினாள். போட்டார். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதில் ஒரு பெருமையும் இல்லை என்பது அவர் கொள்கை, அதற்காகத்தான் அந்தப் படிப்பையே படித்தார். கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு அடங்கியது. பிறகு, பின்னால் ஒதுங்கி நின்றிருந்தது முன்னால் வந்தது. கொளஞ்சி கண்ணைத் திறந்து கண்ணையனைப் பார்த்தாள்.

"அவன் எப்பிடி இருந்தான்?"

பதினோரு வருடமாக இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை.

"மூக்கு ஒன்னுது," என்றான். "காது எங்கப்பாவுது. என் வெரலப் புடிச்சான். நாலு மணிக்குத்தான் வுட்டான்."

முசியே அடுத்த ஊசியை எடுத்துவிட்டார். கொளஞ்சி அவர் கையைத் தடுத்தாள்.

"வெட்டினதுக்குப் போட்டீங்க, சரி. புள்ளைக்குப் போடாதீங்க."

அவர் ஊசியைப் பெட்டியில் வைத்து மூடினார். நாடியில் இருந்த கையை மட்டும் எடுக்கவில்லை. அப்போது அவள் எழுப்பிய குரல் தெருவின் இரண்டு கோடிக்கும் கேட்டது. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் வெளியே வந்தார்கள். இது எழவுக் குரல் என்று எல்லாருக்கும் தெரிந்தது. யார் செத்தது என்பதுதான் தெரியவில்லை. அமிர்தவல்லி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"பச்சப் புள்ளைக்கு எழவு கேக்குறது மொறையாடி? அதுவும் செத்துப் பதினோரு வருசம் கழிச்சு?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"புள்ள எப்பவோ செத்துது. அழுவ இன்னிக்குத்தான வந்துருக்குது," என்றாள் அமிர்தவல்லி. தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனாள். அவள் பின்னால் தெருவே போனது. கொளஞ்சியை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு அழுதார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பல் பிடுங்கியவர்களும் கட்டி கீறியவர்களும் அதில் இருந்தார்கள். கை போட்ட கொஞ்ச நேரம் மரக்கிறதா என்று பார்த்தார்கள். மரக்கவில்லை என்றதும் நன்றாகவே அழுதார்கள். ஆண்கள் வெளியே தெருவோரமாகத் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். மில் ஆட்கள் ஷிப்டு முடிந்து நேராக வந்து கண்ணையனுக்குக் கைகொடுத்தார்கள். அவன் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதான். டீக்கடைக்காரர் மரியாதைக்குப் பாதிக் கதவைச் சாத்தி வைத்தார்.

சேதியைச் சைக்கிளில் மூலக்குளத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்று மணிக்குச் சுலோசனா பாப்பாவோடு வந்தாள். பெண்கள் விலகி வழி விட்டார்கள். பாப்பா பழக்கப்படி இரண்டு முழம் தள்ளி நின்றாள். அம்மா அழுது அவள் பார்த்ததில்லை. மூக்கு ஒழுக, தலைவிரிகோலமாக, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்பிள்ளை யாரென்று யோசிப்பது போலப் பார்த்தாள். பிறகு நீட்டிய விரல்களில் ஒன்றை மட்டும் தொட்டாள். தொட்டபடி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அதற்குமேல் கொளஞ்சியால் பொறுக்க முடியவில்லை, இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"வலிக்குதும்மா, மெதுவா," என்றாள் பாப்பா.

கொளஞ்சி பிடியைத் தளர்த்தினாள், விடவில்லை. பாப்பா அந்த மடியில் அசைந்து அசைந்து தனக்கு ஒரு இடம் பார்த்துக்கொண்டாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"யாரும்மா செத்துட்டது?"

"ஒங்க அண்ணன்."

தனக்கு ஒரு அண்ணன் இருந்த சேதி பாப்பாவுக்கு அப்போதுதான் தெரியும். முகம் கோணிக்கொண்டு வந்தது.

"எப்போ?"

"இன்னிக்குடி," என்றாள் கொளஞ்சி.

பாப்பா அழத் தொடங்கினாள். வாசலில் இருந்த கண்ணையன் ஆமாம் என்று தலையசைத்தான், சுலோசனாவும் மறுத்துப் பேசவில்லை. அந்தத் தேதியை வைத்து நாள் பார்த்து, ஜூலை 29, வெள்ளிக்கிழமை பதினாறாம் நாள் காரியம் செய்தார்கள். தெரு முழுக்க வந்து சாப்பிட்டது. முசியேவும் வந்து எல்லாரோடும் இலையில் உட்கார்ந்தார்.